காளாம்பி

காளானின் பழைய பெயர். ஆம்பி என்றாலே காளான்தான். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் இச்சொல் வருகிறது. பாணனின் வறிய அடுக்களை, மரம் கழன்ற பழஞ்சுவர், கறையான் அரித்த புழுதியில் உள்ளே துளையோடு பூத்த காளாம்பி. வறுமையை இவ்வளவு கிட்டப்போய்ப் பார்த்த கண் அபூர்வம்!

இன்று அதே காளான் சுவராகிறது. வைக்கோல், கரும்புச் சக்கை, உமி இவற்றில் காளான் இழையை அச்சுக்குள் படரவிட்டு, பின்னிப் பிடித்ததும் சூடேற்றி வளர்ச்சியை நிறுத்தினால் எடை குறைந்த கட்டி கிடைக்கும். 2014-இல் நியூயார்க்கில் மக்காச்சோளத் தட்டையில் வளர்த்த சுமார் 10,000 கட்டிகளால் கோபுரமே எழுப்பினார்கள். ஆனால் மாடி தாங்கும் வலு இந்தக் கட்டிக்கில்லை. வெயிலைத் தடுக்கும் பலகையாகவே நம் கடற்கரை வீடுகளுக்கு உதவும். ஈரம் உறிஞ்சுவதால் கடற்காற்றில் மேற்பூச்சு அவசியம்.