கழிவைப் பிறக்கவிடாத வினையூக்கி

வேதித் தொழிலில் கழிவை ஆலையின் கடைவாயிலில் சுத்திகரிப்பதைவிட, அது உருவாகாதபடி வினையின் பாதையையே மாற்றுவது மேல். வலி நிவாரணியான இபுப்ரூஃபனின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1960-களில் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனம் வகுத்த முறையில் ஆறு படிகள் இருந்தன. அதில் அலுமினியம் குளோரைடு பெயரளவில்தான் வினையூக்கி. விளைபொருளோடு பிணைந்துகொள்வதால் அதைப் பெருமளவில் சேர்க்க வேண்டியிருந்தது, பின்பு முழுவதும் கழிவாயிற்று. மூலப்பொருள்களின் எடையில் சுமார் 40 விழுக்காடே மருந்தாக மாறியது. 1992-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பிஷப் நகரில் பிஎச்சி நிறுவனத்தின் ஆலை மூன்றே படிகளில் அதே மருந்தைச் செய்யத் தொடங்கியது. ஹைட்ரஜன் ஃபுளோரைடு, ரேனே நிக்கல், பல்லேடியம் ஆகிய வினையூக்கிகள் மீட்டெடுக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டன. மூலப்பொருள் எடையில் மருந்தாக மாறும் பங்கு, அதாவது அணுச் சிக்கனம், சுமார் 77 விழுக்காடானது. உடன் விளையும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டால் 99-ஐத் தொடும். 1997-இல் இம்முறைக்கு அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு கொடிய நச்சு, அதை எப்படிப் பசுமை என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூடிய சுற்றுக்குள் அதைச் சுழலவிடுவது கழிவைக் குறைக்கிறது. கசிவின் ஆபத்தை அகற்றவில்லை. எனவே பசுமை என்பது முடிந்துபோன சாதனையன்று. லாபத்துக்காகவே இந்த மாற்றம் நிகழ்ந்தது என்போரும் உண்டு. சிக்கனமும் தூய்மையும் ஒரே திசையில் சென்றதால்தான் இம்முறை ஆய்வகத்தைத் தாண்டி ஆலையை அடைந்தது. வினையூக்கிக்கு இதைவிட வலுவான பரிந்துரை வேண்டியதில்லை.