எகிப்தியப் புரட்சியில் சமூக ஊடகம்
எகிப்தில் ஹோஸ்னி முபாரக்கின் ஏறத்தாழ 30 ஆண்டு ஆட்சியை வீழ்த்திய 2011 மக்கள் எழுச்சியில் முகநூல், டுவிட்டர், யூடியூப் ஆகியவை ஆள்திரட்டும் கருவிகளாக அமைந்தன. 2010 ஜூனில் அலெக்சாந்திரியாவில் காவலர்கள் அடித்துக் கொன்ற காலித் சயீதின் சிதைந்த முகத்தைக் காட்டும் படம் இணையத்தில் பரவியது. எகிப்தியச் செயற்பாட்டாளர் வாயேல் கோனிம் தம் பெயரை மறைத்துத் தொடங்கிய ‘நாம் அனைவரும் காலித் சயீத்’ என்ற முகநூல் பக்கம், காவலர் நாளான 2011 ஜனவரி 25 அன்று தெருவில் இறங்க அழைத்தது. ஜனவரி 28இல் அரசு இணையத்தைத் துண்டித்தது. ஆயினும் அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்த கூட்டம் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் நோக்கித் திரண்டது. மஹல்லா நகர நெசவாலைத் தொழிலாளர் 2006 முதல் நடத்திய வேலைநிறுத்தங்களும் எழுச்சிக்கு அடித்தளமிட்டன. பிப்ரவரி 11இல் முபாரக் பதவி விலகினார். அவருக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் முகமது முர்சியை 2013இல் இராணுவம் அகற்றியது. 2018ஆம் ஆண்டுச் சட்டம், 5,000 பேருக்கு மேல் பின்தொடரும் தனிநபர் சமூக ஊடகக் கணக்குகளையும் ஊடகக் கண்காணிப்புக்கு உட்படுத்தியது.