தோட்டத்துப் பாட்டும் மௌத் ஓர்கனும்

சப்ரகமுவத் தோட்டங்களின் இசை என்றதும் தப்பும் உருமியுமே நினைவுக்கு வருகின்றன. காலையில் பிரட்டுக்கு ஆள் சேர்த்தது தப்பு. மாசி மாதக் காமன் கூத்துக்கு உயிர் கொடுத்ததும் அதுவே. லயத்து வாசலில் சட்டைப் பையிலிருந்து வெளிவந்த சிறு கருவியைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில், பெரியவர் ஒருவர் மௌத் ஓர்கனில் ஒப்பாரி வாசிக்கக் கேட்டிருக்கிறேன். பாதியில் நிறுத்தி, "இந்த எடத்துல இது வளைய மாட்டேங்குதுங்க ஐயா" என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் வாயால் பாடிக்காட்டிவிட்டு மறுபடியும் ஊதினார்.

குறை அவருடையதன்று. பத்துத் துளை மௌத் ஓர்கனில் இருபது ரீட்டுகள். ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் ஒரு சுரம். கீழ்த் தாயியில் 'ம'வும் 'த'வும் கிடையா. ஜெர்மானிய நாட்டுப் பாடல்களுக்கு அவை அங்கே தேவைப்படவில்லை. இரண்டாம், மூன்றாம் துளைகளை உறிஞ்சும்போது நாக்கின் நிலையை மாற்றிச் சுரத்தைத் தாழ்த்தினால் அவ்விரண்டையும் பெறலாம். ஆனால் முதல் ஆறு துளைகளில் ஊதும் சுரங்கள் விறைத்தே நிற்கும்.

இதே வழக்கு அதன் உறவான ஆர்மோனியத்தின் மீதும் இருந்தது. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியத்தைக் கொண்டாடிய காலத்திலேயே, கமகம் பேசாத பெட்டி என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கியது. 1971இல்தான் தடை தளர்ந்தது. தடை மிகையானது என்பதே என் கருத்து. குற்றச்சாட்டில் மட்டும் உண்மை உண்டு.

ஒப்பாரியும் தாலாட்டும் சுரத்துக்குச் சுரம் தாவுவதில்லை; வழுக்கிச் செல்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் தொகுத்ததனால் சொற்கள் அச்சேறின. வளைவுகள் பாடியவர் தொண்டையிலேயே தங்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, அந்தத் தொண்டைகளும் கணக்கில் ஒரு பகுதியாயின.

பெரியவருக்குத் தேவைப்பட்ட கருவி பின்னாளில் வந்தது. சாதாரண பத்துத் துளைக் கருவியில் மெல்லிய வால்வுகளைப் பொருத்தி, ஊதும்போது துணை ரீட்டுக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடுகிறார்கள். அப்போது தனித்து ஒலிக்கும் ரீட் வளைந்து கொடுக்கிறது. உறிஞ்சும் சுரங்களின் பழைய வளைவுக்கும் கேடில்லை. சுசுகி நிறுவனத்தின் புரோமாஸ்டரில் இந்த வகை வெளிவந்தது. ஓவர்புளோ என்னும் உத்தியை நாடுவோருக்கு இது உதவாது. நம் பாட்டுக்கு அந்த இழப்பு பெரிதன்று.

வாங்குவோர், ஊதும் சுரத்தை மெதுவாக வளைத்துப் பார்த்து வாங்கட்டும். இரத்தினபுரி, கேகாலை போன்ற மழைப் பிரதேசங்களில் மர உடல் ஈரத்தில் உப்பும். உலோகமோ பிளாஸ்டிக்கோ நல்லது. குளிர்ந்த கருவியில் மூச்சின் ஈரம் படிந்தால் வால்வு ஒட்டிக்கொண்டு பொருமும். ஆகவே வாசிக்குமுன் சிறிது நேரம் கைக்குள் பொத்திச் சூடாக்க வேண்டும். பலமாக ஊதுவது பயனற்றது. மூச்சு மெல்லியதாக இருந்தால்தான் சுரம் இறங்கும்.

பெரியவர் பாடிக்காட்டிய இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். காந்தாரத்திலிருந்து அரைச் சுரம் கீழே. இரண்டாம் துளை, ஊதும் சுரம்.