மஸ்டாங் காரும் மாருதி எஞ்சினும்

ஃபோர்டு மஸ்டாங் என்பது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1964 முதல் தயாரித்து வரும் கார். மஸ்டாங் என்பது அமெரிக்க மேற்குப் பகுதியில் கட்டற்றுத் திரியும் குதிரையின் பெயர். காரின் முகப்பில் பாய்ந்தோடுவதும் அதுவே. வேகக் கார் என்றாலே செல்வந்தர்களின் பொருள் என்று நினைக்கிறோம். மஸ்டாங்கின் தொடக்க வரலாறு அதற்கு மாறானது. கோவையில் உருவான ஒரு பந்தயக் காரின் கதையும் அதே வழியில் வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் 1960களில் கார் ஓட்டும் வயதை எட்டினர். அவர்களுக்கு அழகான கார் வேண்டும். கையில் பணமோ குறைவு. இதைக் கண்டுகொண்டவர் ஃபோர்டு அதிகாரி லீ அயகோக்கா. புதிதாக எல்லாவற்றையும் செய்தால் விலை ஏறிவிடும். எனவே ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரின் அடிப்பாகத்தையும் பல உறுப்புகளையும் எடுத்துக்கொண்டு, நீண்ட முன்பக்கமும் குறுகிய பின்பக்கமும் கொண்ட புதிய உடலை அதன்மேல் பொருத்தினார்கள். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 11,000 ரூபாய். முதல் நாளிலேயே சுமார் 22,000 பேர் பதிவு செய்தனர். இரண்டு ஆண்டு முடியும் முன்பே, 1966 மார்ச்சில், பத்து லட்சமாவது கார் வெளிவந்தது.

முதல் எண் கொண்ட மஸ்டாங்கின் கதை சுவையானது. காட்சிக்கு மட்டும் வைத்திருக்க வேண்டிய அந்தக் காரை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு முகவர் ஸ்டான்லி டக்கர் என்ற விமானிக்கு விற்றுவிட்டார். ஃபோர்டு திருப்பிக் கேட்டும் அவர் உடனே தரவில்லை. சுமார் இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு, பத்து லட்சமாவது காரைப் பெற்றுக்கொண்டுதான் முதல் காரைக் கொடுத்தார். கெட்டிக்காரர்!

உண்மையைச் சொன்னால், அடிப்படை மஸ்டாங் வேகக் காரே அல்ல. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினின் திறன் 101 குதிரைத்திறன்தான். அதைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு மாற்றியவர் கரோல் ஷெல்பி. இதய நோயால் பந்தயம் ஓட்டுவதை நிறுத்திய இவர், அதற்கு முன் கோழிப்பண்ணையும் நடத்தியவர். 1965இல் வி-8 எஞ்சினை 306 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, பின் இருக்கையை நீக்கி ஜி.டி. 350 என்ற காரை உருவாக்கினார். பின் இருக்கையை எடுத்ததற்கு எடை மட்டும் காரணமல்ல; விளையாட்டுக் கார் பிரிவில் போட்டியிட இரண்டு இருக்கைதான் இருக்கலாம் என்பது விதி. 1968இல் வந்த 'புல்லிட்' திரைப்படத்தின் துரத்தல் காட்சி மஸ்டாங்கின் புகழை உலகெங்கும் கொண்டுசென்றது. 1973 எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் கார் சிறுத்தது. 1974 மாதிரியில் வி-8 எஞ்சினே இல்லை.

இந்தியாவில் இவற்றைப் படத்தில்தான் பார்க்க முடிந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களில் இங்கிருந்து வெளியேறிவிட்டன. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அம்பாசடரும் பியட்டுமே நம் சாலைகளின் கார்கள். 1983இல் மாருதி 800 வந்தது.

பஞ்சாலை இயந்திரங்களும் பம்புகளும் செய்து பழகிய, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை உள்ள ஊர் கோவை. அங்கே தொழில் குடும்பத்தில் பிறந்த பந்தய வீரர் எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று அழைக்கப்பட்ட இந்தக் காரின் எஞ்சின் காய்கறி வாங்கப் போகும் காரில் இருப்பதுதான்; 40 குதிரைத்திறனைத் தொடாதது. ஆனால் கார் இலேசானது. சுமை குறைந்தால் சிறு எஞ்சினும் விரைவாக இழுக்கும் என்பது எட்டாம் வகுப்பு அறிவியல். முக்கியமாக, உதிரி உறுப்புகள் உள்ளூரிலேயே கிடைத்தன. வெளிநாட்டுக் கார் வாங்க முடியாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர முடிந்தது. ஷெல்பிக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூடக் கரிவரதனுக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். செய்த வேலை அதே வகையானது; கிடைத்த பொருள் மிகக் குறைவு.

அந்த இளைஞர்களில் ஒருவர் கோவை நரேன் கார்த்திகேயன். 1993இல் ஸ்ரீபெரும்புதூர் ஓடுதளத்தில் ஃபார்முலா மாருதியில் போட்டியிட்டார். கரிவரதன் 1995இல் வானூர்தி விபத்தில் இறந்ததால், பின்னர் நடந்ததைக் காணவில்லை. 2005இல் நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், டயர்ச் சிக்கலால் பல அணிகள் விலக, ஆறு கார்களே ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து புள்ளிகள் பெற்றார்.

மஸ்டாங் 2016இல்தான் இந்திய விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 65 லட்சம் ரூபாய். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.