மரபோடு வழக்காடிய மலையாளத் திரை

மலையாளப் படங்களில் கேரளத்தின் மரபுகள் நிறையவே உண்டு. ஆனால் அவற்றைப் படம்பிடித்துக் காட்டியதைவிட, அவற்றோடு வழக்காடியதுதான் அந்தத் திரையின் தனிச்சிறப்பு என்பேன். வழக்கைத் தொடங்கியது சமூகம்தான். ஜே.சி. டானியலின் மௌனப்படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டபோது, தலித் பெண்ணான பி.கே. ரோஸி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத மேல்சாதியினர் அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) தயாரானதோ கேரளத்துக்கு வெளியே, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். கேரள வாழ்வு திரையில் அழுத்தமாகப் பதிந்தது 1954-ல், ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் இயக்கிய ‘நீலக்குயில்’ படத்தில். தலித் பெண் நீலியைக் கைவிட்ட நாயர் ஆசிரியர், கடைசியில் ஊரறியத் தன் மகனை ஏற்கிறார். கே. ராகவன் கேரள முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டின் மெட்டையும் நாட்டுப்புற மெட்டையும் அதில் இசைத்தார். மரபின் இசையை எடுத்துக்கொண்டு, மரபின் சாதியை அந்தப் படம் மறுத்தது.

இந்த வழக்கின் உச்சம் எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘நிர்மால்யம்’ (1973). கோயில் வருமானம் வற்றி, வறுமையில் குடும்பமே சிதைந்துபோன ஒரு வெளிச்சப்பாடு (தேவியின் அருள்வாக்குச் சொல்பவர்), திருவிழாவில் சிலம்பும் வாளுமாக அருள் வந்து ஆடுகிறார். வாளால் தன் நெற்றியைப் பிளந்து, அந்த ரத்தத்தைத் தேவியின் முகத்தில் உமிழ்ந்து சரிகிறார். சடங்கின் ஒவ்வோர் அசைவையும் அறிந்தவரால்தான் அந்தக் காட்சியை எழுத முடியும். தேசிய விருதுகளில் சிறந்த படம் அதுவே, வெளிச்சப்பாடாக நடித்த பி.ஜே. ஆண்டனி சிறந்த நடிகரானார். வழக்கு வீட்டுக்குள்ளும் நடந்தது. நாயர் தறவாடுகளின் (பூர்வீக வீடுகளின்) கூட்டுக்குடும்ப முறையைக் கேரளச் சட்டம் 1975-ல் ஒழித்தது. சில ஆண்டுகளில் வந்த அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’, தங்கையின் உழைப்பில் உண்டு சாய்வு நாற்காலியில் முடங்கிக் கிடக்கும் உண்ணியைக் காட்டியது. அந்த முறை போன பின்னும் மனத்தில் மிஞ்சிய அதிகாரம் அது.

இவை சிலர் மட்டுமே பார்த்த கலைப்படங்கள், கூட்டம் கொண்டாடியது ‘ஆறாம் தம்புரான்’ (1997) போன்ற கோவிலகப் (அரண்மனை வீட்டுப்) பெருமையைத்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அந்த மோகம் வலுவானது. ஆனால் ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) அடுக்களையையும் தீட்டையும் சபரிமலை விரதத்தையும் கேள்வி கேட்டபோது, கேரளத்தின் வீடுகளிலேயே விவாதம் மூண்டது. மரபைப் போற்றும் படங்கள் எல்லா மொழியிலும் வருகின்றன. அந்த மரபுக்குள்ளேயே வளர்ந்து, அதை நன்கறிந்து கேள்வி கேட்கும் படங்களைத் தலைமுறைதோறும் தந்ததுதான் மலையாளத் திரையின் பெருமை.