ஒருவருக்கே இரு பதவிகள்: அமெரிக்க சைபர் கமாண்டின் தலைமை உருவான வரலாறு, 1998–2025

1998 பிப்ரவரியில் ஈராக்குடன் பதற்றம் முற்றி, அமெரிக்கப் படைகள் வளைகுடாவுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. அதே நாட்களில் பென்டகனின் கணினிகளுக்குள் யாரோ புகுந்திருப்பது தெரியவந்தது. ஈராக்கின் வேலையாக இருக்குமோ என்ற அச்சம் எழுந்தது. விசாரணையில் சிக்கியவர்களோ கலிபோர்னியாவின் பதின்வயதுச் சிறுவர்கள் இருவரும், அவர்களுக்கு வழிகாட்டிய இஸ்ரேலிய இளைஞர் ஒருவரும்தான். ஊடுருவியவர்களைவிட அப்போது எழுந்த கேள்விதான் முக்கியமானது. ராணுவத்தின் கணினி வலையமைப்புகளைக் காக்கும் பொறுப்பு யாருடையது? கூட்டங்களில் அமர்ந்திருந்த எவருக்கும் விடை தெரியவில்லை. முந்தைய ஆண்டு நடந்த 'எலிஜிபிள் ரிசீவர்' என்ற ஒத்திகையிலும் இதே ஓட்டை வெளிப்பட்டிருந்தது. அந்தக் கேள்விக்கு அமெரிக்க ராணுவம் அடுத்த கால் நூற்றாண்டில் தேடிக்கொண்ட விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவிகளும் கைதேர்ந்த ஆட்களும் எங்கே இருந்தார்களோ, அந்த இடத்தை நோக்கியே தலைமைப் பதவி நகர்ந்தது. போர்க் கோட்பாட்டுக்கு அதில் இருந்த பங்கு சிறிது என்பது என் வாதம்.

முதல் விடை 1998 டிசம்பரில் கிடைத்தது. கணினி வலையமைப்புப் பாதுகாப்புக்கான கூட்டுப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, போர் விமானியான விமானப்படை மேஜர் ஜெனரல் ஜான் கேம்பெல் அதன் தளபதியானார். பாதுகாப்புத் துறையின் தகவல் தொடர்பு வலையமைப்பை நடத்திவந்த டிசா முகமையின் அருகிலேயே, ஆர்லிங்டனில், குழுவும் இயங்கியது. தாக்குதல் பணி 2000-இல் சேர்க்கப்பட்டது. முதலில் விண்வெளிக் கமாண்டின் கீழும், அது 2002-இல் கலைக்கப்பட்டபின் மூலோபாயக் கமாண்டின் கீழும் குழு வந்தது.

தீர்மானமான திருப்பம் 2004-லும் 2005-லும் நிகழ்ந்தது. பொறுப்பு இரண்டாகப் பிளந்தது. தற்காப்பு டிசா இயக்குநரின் கைக்கும், தாக்குதல் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.வின் இயக்குநரின் கைக்கும் போயின. இது புரிந்துகொள்ளக்கூடிய ஏற்பாடே. எதிரியின் வலையமைப்புக்குள் நுழையும் திறமையும், அதற்கான மொழியறிஞர்களும் கணிதவியலாளர்களும் மேரிலாந்தின் ஃபோர்ட் மீடில் என்.எஸ்.ஏ.விடம்தான் இருந்தார்கள். ஆனால் காப்பவரும் தாக்குபவரும் வெவ்வேறு தளபதிகளின் கீழ் இருந்தால் என்ன ஆகும் என்பது 2008-இல் தெரிந்தது. மத்திய கிழக்கில் ஒரு பென் டிரைவ் வழியே நுழைந்த தீநிரல், ரகசிய வலையமைப்புகள்வரை பரவியது. அதை முதலில் கண்டறிந்ததும், முறிக்க வழி கண்டதும் பெரும்பாலும் என்.எஸ்.ஏ. வல்லுநர்கள்தான். அந்த நவம்பரிலேயே பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், தற்காப்புக் குழுவையும் என்.எஸ்.ஏ. இயக்குநரின் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். சைபர் கமாண்டின் பிறந்த ஆண்டாக 2010-ஐக் குறிப்பிடுவதே வழக்கம். அதன் தலைமை 2008 நவம்பரிலேயே முடிவாகிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

பிறகு நடந்தது பெரிதும் சடங்கு. சைபர் கமாண்டை அமைக்க 2009 ஜூன் 23 அன்று கேட்ஸ் ஆணை பிறப்பித்தார். 2005 முதல் என்.எஸ்.ஏ. இயக்குநராக இருந்த கீத் அலெக்சாண்டரை அதன் தளபதியாக செனட் ஏற்க ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. 2010 மே 21 அன்று அவர் நான்கு நட்சத்திர ஜெனரலாகப் பொறுப்பேற்றார். என்.எஸ்.ஏ. இயக்குநர் பதவி அதுவரை மூன்று நட்சத்திரப் பதவி. நான்காவது நட்சத்திரம் புதிய கமாண்டின் வழியே வந்தது. காகிதத்தில் அவர் மூலோபாயக் கமாண்டின் தளபதிக்குக் கீழ்ப்பட்டவர். ஃபோர்ட் மீடிலோ அவர் வைத்ததே சட்டம்.

இந்த இரட்டைப் பொறுப்பு, புதிய அமைப்பு சொந்தக் காலில் நிற்கும்வரைக்குமான ஏற்பாடாகவே பலராலும் பார்க்கப்பட்டது. அதில் உள்ளார்ந்த முரண் ஒன்று உண்டு. உளவாளி எதிரியின் கணினிக்குள் ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க விரும்புவான். படைவீரனோ அதே வழியில் நுழைந்து அழிக்க விரும்புவான். அழித்தால் ஒட்டுக்கேட்கும் வழி அடைபடும். இருவருக்கும் பொருந்தும் சட்டத் தொகுதிகளும் வேறு. இரு பதவிகளும் ஒருவரிடமே இருந்தால் இந்த வழக்கு ஒரே நாளில் தீரும். ஆனால் வாதி, பிரதிவாதி, நீதிபதி மூவரும் அவரே.

பிரிக்கும் வாய்ப்புகள் வராமல் இல்லை. என்.எஸ்.ஏ.வின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் வெளியீடுகளுக்குப்பின், 2013-இல் ஒபாமா அமைத்த மறுஆய்வுக் குழு பிரிக்கச் சொன்னது. வெள்ளை மாளிகை மறுத்தது. கடற்படை அட்மிரல் மைக்கேல் ரோஜர்ஸ் 2014-இல் இரண்டையும் ஏற்றார். 2016 இறுதியில் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் இரண்டு வேலைகளைச் செய்தது. சைபர் கமாண்டை முழுமையான போர்க் கமாண்டாக உயர்த்த வழிவகுத்தது. பாதுகாப்பு அமைச்சரும் கூட்டுப் படைத் தலைவர்கள் குழுவின் தலைவரும் சேர்ந்து சான்றளிக்காமல் இரட்டைப் பொறுப்பை முடிக்கக் கூடாது என்றும் தடை போட்டது. தனித்து நிற்கும் தகுதி வந்த தருணத்திலேயே கட்டும் இறுகியது.

2018 மே 4 அன்று அந்த உயர்வு நடைமுறைக்கு வந்தது. அன்றே பால் நகாசோனே தளபதியானார். அலெக்சாண்டரின் கீழ் கமாண்டை வடிவமைத்த சிறு குழுவில் இருந்தவர் அவர், ஐ.எஸ். அமைப்பின் இணையப் பிரச்சாரத்தை முடக்கிய ஏரெஸ் பணிக்குழுவையும் வழிநடத்தியவர். தலைமை உள்ளிருந்தே விளையத் தொடங்கியதற்கு அவர் முதல் சான்று. அலெக்சாண்டர், ரோஜர்ஸ், நகாசோனே, 2024-இல் வந்த டிமோதி ஹாக் ஆகிய நால்வரும் உளவு அல்லது குறியீட்டியல் துறையில் வளர்ந்தவர்கள். துணைத் தளபதிகளின் பட்டியலில் வேறொரு சாயல் தெரிகிறது. முதல்வரான ராபர்ட் ஷ்மிடிலும் அடுத்துவந்த ஜான் டேவிஸும் மரைன் விமானிகள். பின்னாளில் வந்த சார்லஸ் மூர் எஃப்-16 ஓட்டியவர். தலைமையில் ஒற்றறிபவர், அடுத்த இடத்தில் போர் புரிந்தவர் என்ற இணைப்பு தற்செயலானதாகத் தெரியவில்லை. தளபதியின் நேரத்தில் பெரும்பங்கை என்.எஸ்.ஏ. எடுத்துக்கொண்டபோது, கமாண்டின் அன்றாட நடப்பைத் தாங்கியவர்கள் இவர்கள்.

கூட்டுப் படைத் தலைவர்கள் குழுவின் முன்னாள் தலைவர் ஜோசப் டன்ஃபோர்ட் தலைமையிலான ஆய்வு 2022-இல் இரட்டைப் பொறுப்பு தொடரட்டும் என்றது. அந்த ஏற்பாட்டின் இன்னொரு விலை 2025 ஏப்ரலில் புலப்பட்டது. அதிபர் டிரம்ப் ஹாக்கைப் பதவியிலிருந்து நீக்கியபோது, ஒரே ஆணையில் நாட்டின் மிகப்பெரிய உளவு முகமையும் சைபர் படையும் தலைவரை இழந்தன. என்.எஸ்.ஏ.வின் துணை இயக்குநர் வெண்டி நோபிளும் உடன் அகற்றப்பட்டதால், கமாண்டின் துணைத் தளபதி வில்லியம் ஹார்ட்மன் இரண்டுக்கும் பொறுப்புத் தலைவரானார். மாதங்கள் கடந்தன. அந்த டிசம்பரில் முன்மொழியப்பட்ட ஜோஷுவா ரட் சிறப்புப் படைகளில் வளர்ந்தவர். சைபர் துறையிலோ குறியீட்டியலிலோ பணியாற்றியவர் அல்லர். தலைமைக்கு வருபவரின் பின்புலம் பற்றிய பதினைந்தாண்டு வழக்கம் அங்கே முறிந்தது. முன்மொழிவில் மட்டும் இரு பதவிகளும் சேர்ந்தே இருந்தன.