அதிர்வைக் கணக்கெடுக்கும் பெட்டி

1991 ஜூன் 5ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது அதில் 7 மனிதர்களும், 29 எலிகளும், 2,000க்கும் மேற்பட்ட ஜெல்லிமீன் குஞ்சுகளும் போயின. எடையின்மைக்கு உயிர்கள் எப்படிப் பழகுகின்றன என்று பார்ப்பதற்கான பயணம் அது. கூடவே, சொந்தமாக ஆராய்ச்சி எதுவும் செய்யாத ஒரு கருவியும் முதல்முறையாகப் போனது. ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் நாசாவின் லூயிஸ் மையம் (இன்றைய பெயர் கிளென் ஆய்வு மையம்) உருவாக்கிய விண்வெளி முடுக்க அளவீட்டு அமைப்பு. துறையில் எல்லோருக்கும் அது ‘சாம்ஸ்’. மற்றவர்களின் சோதனைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த இடம் எவ்வளவு நடுங்குகிறது என்று எழுதி வைப்பது ஒன்றே அதன் வேலை.

மேலே எடையில்லை, ஆகவே எல்லாம் அசையாமல் மிதக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஓடமும் அதற்குள் இருக்கும் அத்தனையும் ஒரே வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடை தெரிவதில்லை. அந்த விழுதலும் முழுமையானதல்ல. அவ்வளவு உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. அது ஓடத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறது. ஓடத்தின் நிறை மையத்திலிருந்து பூமியை நோக்கியோ, எதிர்த்திசையிலோ ஒரு மீட்டர் தள்ளி ஒரு சோதனையை வைத்தால், அதன் மேல் பூமி ஈர்ப்பில் கோடியில் நான்கு பங்கு அளவுக்கு ஓர் இழுவை எப்போதும் இருக்கும். இவை மெல்ல மாறுகிற, ஓசையில்லாத விசைகள். இவற்றின் மேல்தான் மின்விசிறியும் பம்பும் உந்துபொறியும் மனிதக் கால்களும் தங்கள் அதிர்வை ஏற்றுகின்றன.

இத்தனை சின்ன விசைகளைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? ஒரு கணக்கு சொல்கிறேன். பூமியில் கையிலிருந்து விட்ட பொருள் ஒரு மீட்டர் விழ அரை நொடிகூட ஆகாது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஈர்ப்பில் அதே பொருள் அந்த ஒரு மீட்டரைக் கடக்க ஏழரை நிமிடம் பிடிக்கும். ஏழரை நிமிடம் காத்திருக்கிற சோதனைக்கு அது பெரிய நகர்வு. உருகிய உலோகம் மெல்ல உறைந்து படிகமாவதற்கு மணிக்கணக்கில் ஆகிறது. சூடான திரவம் மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கும் சலனம் அங்கே இருக்கக் கூடாது என்பதற்காகவே அதை விண்வெளிக்கு எடுத்துப் போகிறார்கள். வளர்ந்து முடிந்த படிகத்தில் ஒரு கோடோ, கலவையில் ஒரு பிசகோ தெரிந்தால், அது படிகத்தின் இயல்பா, அல்லது அந்த நேரத்தில் யாரோ உடற்பயிற்சி மிதிவண்டி மிதித்ததன் விளைவா? அதிர்வின் பதிவு இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

சாம்ஸின் முதல் வடிவம் ஒரு மையப் பெட்டி. அதிலிருந்து கேபிள்கள் நீண்டு, முனையில் கைக்கடக்கமான உணர்தலைகளாக முடியும். ஒவ்வொரு தலையிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று முடுக்கமானிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய குவார்ட்ஸ் தகடு ஒன்று நாக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும். அதிர்வு வந்தால் தகடு நகரப் பார்க்கும். நகரும் முன்பே மின்சுருள் ஒன்று அதை இருந்த இடத்துக்கே தள்ளி நிறுத்தும். தள்ளுவதற்கு எவ்வளவு மின்சாரம் செலவானதோ, அதுவே முடுக்கத்தின் அளவு. தகட்டை அசையவிடாமல் பிடித்து வைப்பதன் மூலமே அசைவை அளப்பது என்ற இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீருவதில்லை. அளந்ததெல்லாம் ஒளித்தகடுகளில் பதிவாகும்.

அதன் பிறகு இந்தக் கருவி 20க்கும் மேற்பட்ட விண்ணோடப் பயணங்களில் போய்வந்தது. அதன் பதிவுகளைப் பொறியாளர்கள் நேரம் ஒரு பக்கமும் அதிர்வெண் ஒரு பக்கமுமாக விரித்து, வலிமைக்கு ஏற்ப வண்ணம் தீட்டினார்கள். வண்ணப்படத்தில் 17 ஹெர்ட்ஸில் ஒரு கோடு விடாமல் ஓடியது: தகவல்தொடர்பு ஆன்டெனா இறுகிப்போகாமல் இருக்க அதை ஓயாமல் சிறிதாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அதன் தடம். 22 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு தோன்றித் தோன்றி மறைந்தது: மாதிரிகளைக் குளிர்விக்கும் ஃப்ரீசரின் கம்ப்ரசர். விண்வெளி வீரர் உடற்பயிற்சி செய்கிற அரைமணி நேரமும் தனியாகத் தெரிந்தது. எந்த இயந்திரம் எந்த எண்ணில் பேசும் என்ற அகராதி இப்படித்தான் உருவானது.

1997இல் ஒரு சோதனை இந்தப் பதிவின் அருமையைக் காட்டியது. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் ரானி, எரிவாயு மிகக் குறைவாகக் கலந்த கலவையில் சின்னஞ்சிறு நெருப்புப் பந்துகளை மிதக்கவிட்டார். பிறந்தநாள் மெழுகுவத்தியின் சுடரே ஏறத்தாழ 50 வாட் என்றால், இந்தப் பந்துகளின் ஆற்றல் ஓரிரு வாட்தான். ஓடம் தன் திசையைச் சரிசெய்ய உந்துபொறிகளை லேசாக இயக்கியபோதெல்லாம் அந்தப் பந்துகள் நகர்ந்தன. எவரும் எதிர்பார்த்ததைவிட மென்மையானவை அவை. அதனால் பின்னர் சோதனை நடக்கும் நேரங்களில் உந்துபொறிகளை நிறுத்திவிட்டு ஓடத்தைத் தன்போக்கில் மிதக்கவிட்டார்கள். 2003 ஜனவரியில் இந்தச் சோதனை மறுபடி போனது; ஓடம் கொலம்பியா, குழுவில் கல்பனா சாவ்லா இருந்தார். சாம்ஸ் குடும்பத்தின் சிறிய வடிவம் ஒன்று எரிதல் சோதனைக் கூடத்துக்குத் துணையாக அந்தப் பயணத்திலும் இருந்தது. ஒரு நெருப்புப் பந்து 81 நிமிடம் அணையாமல் எரிந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா திரும்பும் வழியில் சிதறி, 7 பேரும் இறந்தார்கள். பயணத்தின்போதே பூமிக்கு அனுப்பப்பட்டிருந்த தரவுகள் எஞ்சின. அவர்கள் செய்த வேலையை அந்தத் தரவுகளில் வாசிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே, சாம்ஸின் ஒரு பிரதி ரஷ்யாவின் மீர் நிலையத்துக்குக் குடிபோனது. அது போய்ச் சேர்ந்த கதை சாதாரணமானதல்ல. 1994 ஆகஸ்ட் 25இல் கிளம்பிய ப்ராக்ரஸ் எம்-24 சரக்குக் கலத்தில் அதை அனுப்பினார்கள். கலம் ஆகஸ்ட் 27இல் இணைய முயன்று தவறியது. 30இல் மறுபடி வந்து, நிலையத்தின் மேலேயே மோதி விலகியது. செப்டம்பர் 2இல் விண்வெளி வீரர் யூரி மலென்சென்கோ மீருக்குள்ளிருந்து கைப்பிடியால் அதை ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். அதிர்வை அளக்கப் போன கருவி நிலையத்தையே இடித்துக்கொண்டுதான் வாசலை அடைந்தது.

மீர் பழைய வீடு. அதற்கென்று வேறு குரல்கள். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் கம்ப்ரசர் 24 ஹெர்ட்ஸில் முனகியது. நிலையத்தைத் திருப்பும் சுழல்சக்கரங்கள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றியதால் 166.7 ஹெர்ட்ஸில் ஒரு கூரிய கோடு. பதிவான ஒளித்தகடுகள் விண்ணோடம் வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். அமெரிக்க வீரர்களை ஏற்றி இறக்கும் ஓடங்களில்தான் அவை பூமிக்கு வந்தன.

2001 ஏப்ரலில் எண்டெவர் விண்ணோடம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புதிய தலைமுறை சாம்ஸைக் கொண்டுபோனது. கூடவே மாம்ஸ் என்ற துணைக்கருவியும் போனது. சாம்ஸ் அதிர்வுகளைக் கேட்கும். மாம்ஸ் காற்றின் இழுவை போன்ற மிக மெதுவான விசைகளைக் கேட்கும். அதன் உணரிக்குள் ஓர் உலோகத் துண்டு எதையும் தொடாமல் மின்புலத்தில் மிதக்கிறது. நானோ அளவு, அதாவது நூறு கோடியில் சில பங்கு ஈர்ப்பையும் அது காட்டும். இதில் ஒரு சிக்கல்: இவ்வளவு மெல்லியதை அளக்கும் கருவியைத் தரையில் சரிபார்க்க முடியாது; பூமியின் முழு ஈர்ப்பு அதை அமுக்கிவிடும். அதனால் உணரியைத் திருப்பும் ஒரு மேசையையும் உடன்சேர்த்து அனுப்பினார்கள். அது சுற்றுப்பாதையிலேயே தன்னைத் திருப்பித் திருப்பி, தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறது. இந்த உணரியின் முன்னோடியும் 1991இல் அதே கொலம்பியாவில்தான் முதல்முறை பறந்தது.

ஒளித்தகட்டுக்காகக் காத்திருக்கும் காலம் முடிந்தது. தரவு உடனுக்குடன் கிளீவ்லாந்துக்கு இறங்குகிறது. நிலையத்தின் நான்கு பெரிய சுழல்சக்கரங்கள் நிமிடத்துக்கு 6,600 சுற்றுச் சுற்றுவதால் 110 ஹெர்ட்ஸில் ஒரு கோடு. கிரீன்விச் நேரப்படி இரவு 9.30 வாக்கில் குழு உறங்கப் போனதும் படத்தின் அடிப்பகுதி, சில ஹெர்ட்ஸ் அளவிலான பகுதி, வெளுத்துவிடும். காலையில் மீண்டும் நிறம் ஏறும். வீரர்கள் ஓடும் அதிர்வு நிலையத்துக்குப் பரவாமல் இருக்க டிரெட்மில்லையே அதிர்வுத் தடுப்பான்களின் மேல் பொருத்த வேண்டியிருந்தது. எலும்பும் தசையும் கரையாமல் இருக்க அவர்கள் ஓடித்தான் ஆக வேண்டும், படிகம் வளரவும்தான் வேண்டும். இரண்டில் எதையும் விட முடியாது. ஆண்டில் 180 நாட்களுக்கு, குறைந்தது 30 நாள் தொடர்ச்சிகளாக, நிலையம் அமைதி காக்க வேண்டும் என்று வடிவமைப்பிலேயே விதி வைத்தார்கள். சில அலமாரிகளில், வரும் அதிர்வை எதிர்த்துத் தள்ளும் இயங்குகரங்களையும் பொருத்தினார்கள்.

அப்படியும் நடுக்கம் முழுவதும் போவதில்லை, போகவும் வேண்டியதில்லை. எந்த நொடியில் எவ்வளவு நடுங்கியது என்று தெரிந்தால், ஆய்வாளர் அந்த நொடிகளை ஒதுக்கிவிட்டு மீதியை நம்பலாம். நிலையத்தில் அமெரிக்கரின் ஆய்வுக்கூடமான டெஸ்டினியில் தொடங்கிய உணர்தலைகள் ஐரோப்பியரின் கொலம்பஸுக்கும் ஜப்பானியரின் கிபோவுக்கும் பரவியிருக்கின்றன. புதிதாக ஒரு சோதனை மேலே வந்தால், அதை எங்கே பொருத்துவது என்பதோடு, பக்கத்தில் எந்தத் தலையை வைப்பது என்றும் சேர்த்தே பேசுகிறார்கள்.